பாப்லர் வரிக் கிளர்ச்சி

பாப்லர் வரிக் கிளர்ச்சி என்பது 1921ஆம் ஆண்டு இலண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள பாப்லரில் நடந்த போராட்டமாகும். வேலையிழந்த குடும்பங்களுக்கான உதவிச் செலவை ஏழைப் பகுதியே தனியாகச் சுமக்க வேண்டுமா, நகரம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்பதே இதன் மையக் கேள்வி.

அக்காலத்தில் இங்கிலாந்தில் ஏழைகளுக்கு உதவி வழங்கும் பொறுப்பு, உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதுகாவலர் குழுக்களிடம் இருந்தது. வீடுகள், கடைகளின் வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட்ட உள்ளூர் வரியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. சிக்கலும் அங்கேதான் இருந்தது. செல்வர்கள் வாழ்ந்த வெஸ்ட்மின்ஸ்டரில் கட்டட மதிப்பு மிக அதிகம்; உதவி கேட்போர் குறைவு. துறைமுகக் கூலிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பாப்லரில் நிலைமை நேர்மாறு. ஆகவே ஏழைகளே மற்ற ஏழைகளுக்காக உயர்ந்த விகிதத்தில் வரி கட்டினார்கள்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனுக்கென ஒரு பொது ஏழை நிதியை ஏற்படுத்தியிருந்தது. ஆனால் அது ஏழையர் விடுதிகளில் அடைக்கலம் புகுந்தவர்களின் செலவில் ஒரு பகுதியையே பகிர்ந்தது. தம் வீட்டிலேயே இருந்துகொண்டு உதவி பெறும் குடும்பங்களின் செலவு முழுக்க அந்தந்தப் பகுதியின் தலையில் விழுந்தது. குடும்பத்தைக் கலைத்து விடுதிக்கு அனுப்பினால் பிறர் பங்கு கிடைக்கும், சேர்ந்து வாழவிட்டால் கிடைக்காது என்ற விசித்திரமான கணக்கு இது. முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பெருகியபோது அந்தக் கணக்கு தாங்காமல் போயிற்று.

1919 நவம்பர் தேர்தலில் பாப்லர் மன்றத்தின் 42 இடங்களில் 39ஐத் தொழிற்கட்சி வென்றது. அதன் முதன்மைத் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி, 1890களிலிருந்தே பாதுகாவலர் குழுவில் பணியாற்றியவர். 1921 மார்ச்சில் மன்றம் ஒரு முடிவெடுத்தது: தன் செலவுக்கும் பாதுகாவலர் குழுவுக்கும் வேண்டிய வரியை வசூலிப்பது, இலண்டன் மாவட்ட மன்றம், பெருநகரக் காவல்துறை, குடிநீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய புகலிட வாரியம் ஆகியவற்றுக்குச் சேரவேண்டிய பங்கை வசூலிக்காமல் விடுவது. வரிக் கிளர்ச்சி என்று பெயர் பெற்றாலும், வரி கட்ட மறுத்தவர்கள் குடிமக்கள் அல்லர். மேல் அமைப்புகளுக்காக வரி விதிக்க மறுத்தது மன்றமே.

வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 29 அன்று உறுப்பினர்கள் மன்றத்தின் செங்கோல் முன்னே செல்ல, பாப்லரிலிருந்து நீதிமன்றம் வரை ஊர்வலமாக நடந்தார்கள். ஆணைக்குப் பணியாததால் செப்டம்பரில் முப்பது பேர் சிறை சென்றனர். நீதிமன்ற அவமதிப்பு என்பதால் தண்டனைக்குக் கால வரையறை இல்லை; பணியும் வரை சிறை. ஆண்கள் பிரிக்ஸ்டனிலும் பெண்கள் ஹாலோவேயிலும் வைக்கப்பட்டனர். கருவுற்றிருந்த நெல்லி கிரெசல் மட்டும் முன்னதாக விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் நடந்தது அரசுக்குப் பெரிய தலைவலி. லான்ஸ்பரி அறைச் சன்னல் வழியே வெளியே கூடியவர்களிடம் பேசினார். மன்றக் கூட்டங்கள் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடந்தன; பெண் உறுப்பினர்கள் ஹாலோவேயிலிருந்து அழைத்து வரப்பட்டனர். தொழிற்கட்சியினர் எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஹாக்னி மேயர் ஹெர்பர்ட் மோரிசன் சட்டத்தை மீறும் வழியை எதிர்த்தார். ஆனால் அண்டைப் பகுதிகளான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் பாப்லரின் வழியைப் பின்பற்ற முடிவு செய்ததும் அரசு இறங்கி வந்தது.

அக்டோபர் 12 அன்று அனைவரும் விடுதலையாயினர். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட உள்ளாட்சி நிதிச் சட்டம், வீட்டிலிருந்தே உதவி பெறுவோரின் செலவையும் பொது ஏழை நிதிக்குள் கொண்டுவந்தது. செல்வப் பகுதிகளின் பணம் கிழக்கு இலண்டனின் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. எவ்வளவு உதவி கொடுக்கலாம் என்ற சச்சரவு மட்டும் பாதுகாவலர் குழுக்கள் 1930இல் கலைக்கப்படும் வரை ஓயவில்லை. தாராளமாகச் செலவிடும் உள்ளாட்சியைக் குறிக்க ‘பாப்லரிசம்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் பிறந்தது. எதிர்ப்பாளர்கள் அதை வசையாகவே பயன்படுத்தினர்.

லான்ஸ்பரி 1932 முதல் 1935 வரை தொழிற்கட்சிக்குத் தலைமை தாங்கினார். அவருடைய மருமகளும் முன்னாள் ஆசிரியையுமான மின்னி லான்ஸ்பரி, சிறையிலிருந்து வந்த சில வாரங்களிலேயே நிமோனியா கண்டு 1922 ஜனவரி 1 அன்று 32 வயதில் இறந்தார். அவர் நினைவாக வைக்கப்பட்ட கடிகாரம் கிழக்கு இலண்டனின் போ சாலையில் உள்ளது.