இழையின் அடியில் ஒரு மறைப்பு

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கெடாவை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், புக்கிட் மெர்தாஜாமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையே, நெல்வயலும் மரத்தோட்டமும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில், இரவில் வண்டியோட்டுவது பட்டணவாசிகள் எண்ணுவதுபோல் அத்தனை எளிய காரியமன்று. தெருவிளக்கு அற்ற கம்பத்துப் பாதையில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் பாயும் கணத்தில், ஓரமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ பார்வையிலிருந்து மறைந்துபோவதை அவ்வூர்ச் சாலைகளில் சென்றவர் யாவரும் அறிவர். நல்ல விளக்கு என்றால் மிகுந்த வெளிச்சம் தரும் விளக்கு என்றே ஜனங்கள் பொதுவாக நினைக்கிறார்கள். ஆனால் மோட்டார் விளக்கின் நூற்றாண்டுச் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அதனை ஆக்கியவர்களின் பிரயாசையில் பெரும்பகுதி ஒளியைப் பெருக்குவதில் அல்ல, செல்லக்கூடாத இடத்துக்கு அதைச் செல்லவிடாமல் தடுப்பதிலேயே கழிந்தது என்பது விளங்கும்.

1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்று, அக்காலத்துக் கவர்னர் ஜெனரலின் பெயரால் வெல்லஸ்லி மாகாணம் என்று அழைத்த இந்தக் கரைக்கு, முதலில் கரும்புக்காகவும் பின்னர் ரப்பருக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினார்கள். தாசேக் கெலுகோரில் மலாக்கோப் தோட்டத்தின் பெயரை ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. கடலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுனில் 1906-லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்தும், அக்காலத்து மோட்டார் வண்டிகளுக்கு வழிகாட்டியது மின்சாரமன்று. கார்பைடுக் கட்டியின்மேல் நீர் சொட்டுச் சொட்டாக விழ, அதிலிருந்து எழும் அசெட்டிலின் வாயு பித்தளைக் கூட்டுக்குள் வெண்சுடராக எரிந்த விளக்கே துரைமாரின் வண்டிகளுக்கு முகப்பில் நின்றது. ஒவ்வொரு பிரயாணத்துக்குப் பின்பும் சுண்ணாம்புச் சேறாகத் தங்கிய கழிவை வழித்தெறிந்து, கண்ணாடியின் புகைக்கரியைத் துடைத்து, வாய்க்குழலின் அடைப்பை நீக்கவேண்டிய தொல்லை இருந்தபோதிலும், அச்சுடருக்கு ஒரு குணம் உண்டு: எதிரே வருபவனின் கண்ணைப் பறிக்கும் வலிமை அதற்கு அதிகமில்லை.

அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டு காடிலாக் வண்டியில் மின்விளக்கும் மின்சாரத் தொடக்கியும் ஒருங்கே வந்ததும், மறு ஆண்டில் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் டைனமோவும் விளக்கும் சேர்ந்த அமைப்பை விற்கத் தொடங்கியதும், கார்பைடு யுகத்தை முடித்துவைத்தன. அன்றே கண்கூச்சம் என்னும் புதிய விபத்துக் காரணமும் சாலைக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த வண்டிகளில் 1930-களில் கையாளப்பட்ட உபாயம் விநோதமானது: சாரதி பொத்தானை அழுத்தினால் சாலை நடுப்பக்கத்து விளக்கு அடியோடு அணைந்துபோகும், ஓரப்பக்கத்து விளக்கின் பிரதிபலிப்பான் மட்டும் மின்காந்தத்தால் இழுபட்டுத் தரையை நோக்கிச் சாயும். அத்தகைய விளக்குகளைச் செய்த லூக்காஸ் கம்பெனியின் மின்சாதனங்களை 'இருளின் இளவரசன்' என்று மோட்டார்க்காரர்கள் கேலி செய்தது முற்றிலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் ஒற்றை விளக்கோடு எதிர்ப்படும் வண்டியை மோட்டார் சைக்கிள் என்று எண்ணி ஒதுங்காமல் வந்தவனுக்கு அந்தக் கேலி கசப்பாகவே இருந்திருக்கும்.

உண்மையான தீர்வை ஜெர்மனியில் ஆஸ்ரம் கம்பெனி 1924-ல் பைலக்ஸ் என்னும் பெயரோடு கொண்டுவந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று பிரதிபலிப்பானின் குவியத்தில் நின்று தூரத்துக்கு ஒளி அனுப்பும். மற்றொன்று குவியத்துக்குச் சிறிது முன்னே நின்று, தன் அடியில் சிறு கரண்டிபோன்ற உலோகத் தகடு ஒன்றைத் தாங்கியிருக்கும். பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவனின் கண்ணில் விழவேண்டிய ஒளியை அத்தகடு மறித்துவிட, மேற்பாதியில் பட்டது மாத்திரம் சாலையில் இறங்கும். அரை விரல்நுனிகூட இராத அந்தத் தகடே, என் அபிப்பிராயத்தில், மோட்டார் விளக்கின் சரித்திரத்தில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. இழை ஒரு மில்லிமீட்டர் இடம் பெயர்ந்தாலும் தகடு மறைக்கவேண்டியதை மறைக்காது. இன்றைய பல்பு வியாபாரத்தின் விவகாரம் முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது. 1957-ல் ஐரோப்பாவில் தகட்டின் ஒரு விளிம்பைச் சரிவாக வெட்டி, சாலையோரத்தில் நடப்பவர்மீது மட்டும் ஒளி சற்று உயர்ந்து விழும்படி செய்தார்கள். இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் அவ்வுயர்வு இடப்புறம் இருக்கவேண்டும். ஜப்பானும் இடப்பக்கமே செல்வதால், வெட்டி இறக்கிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் வரும் ஜப்பானிய விளக்குக் கூடுகள் இங்கே பொருந்துகின்றன. வலப்பக்கம் செல்லும் தேசங்களுக்கென்று செய்த கூடோ எதிரே வருபவனின் முகத்தில் ஒளியை எறியும்.

பல்பும் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் ஒரே உருண்டையாக அடைபட்ட சீல்டு பீம் விளக்கை அமெரிக்கா 1940-ல் கட்டாயமாக்கி, 1984 வரை கைவிடாதிருந்தது. மலாயாவின் சாலைகளிலும் அது ஓடியது; அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஹாலஜன் வந்த கதை வேறு. டங்ஸ்டன் இழையிலிருந்து ஆவியாகும் அணுக்கள் கண்ணாடியில் படிந்து கறுக்காமல், உள்ளேயுள்ள ஹாலஜன் வாயுவோடு கூடி மீண்டும் இழைக்கே திரும்பும் இந்த அமைப்பு, 1962-ல் ஐரோப்பாவில் எச்1 பல்பாகவும், 1971-ல் பழைய தகட்டைத் தன்னுள் வைத்துக்கொண்டே இரட்டை இழையோடு எச்4 ஆகவும் சாலைக்கு வந்தது. பினாங்குப் பாலம் திறந்த அதே 1985-ல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமைபெற்ற 1994-ல் வந்த பெரோடுவா கன்சிலும் எச்4 பல்பைக் கொண்டே ஓடின. ஆகையால் நமது ஸ்பேர்பார்ட் கடைகளில் பல்பு என்று கேட்டால் நெடுங்காலம் அதுவே கையில் வந்தது.

அதன் அளவு 12 வோல்ட்டில் 60/55 வாட். 100/90 வாட் பல்பும் அதே மூன்று காதுகளோடு அதே கூட்டில் பொருந்திவிடும் என்பதால் ஆசைப்பட்டு மாட்டியவர்களின் வண்டிகளில், சாக்கெட் உருகுவதும், வயர் கருகுவதும், பிரதிபலிப்பானின் பளபளப்பு வெந்துபோவதும் நேர்ந்தன. நீலச் சாயம் பூசிய பல்போ, வெண்மையாகத் தோன்றுமேயன்றி, சாயம் விழுங்கிய ஒளியைச் சாலைக்குத் திருப்பித் தராது. மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், அடிக்கடி பல்பு போகும் வண்டியில் முதலில் ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதே விவேகம். வட்டத்துக்குள் 'இ' என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த பல்பே ஐக்கிய நாடுகளின் விதிப்படி சோதனை கண்டது. எண் தேசத்தைக் குறிக்கும், 1 ஜெர்மனி, 52 மலேசியா. பல்பை விரல் படாமல் மாட்டவேண்டும்; படிந்த எண்ணெய்ப்பசை குவார்ட்ஸ் கண்ணாடியைச் சூட்டில் கெடுத்துவிடும். பத்து வருஷத்து வெயிலில் மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் முகப்புக்குப் பின்னால் எந்த நல்ல பல்பை வைத்தும் பயனில்லை. முகப்பைத் தேய்த்துத் துலக்குவதே அங்கே முதல் வேலை.

ஃபோக் லேம்ப் எனப்படுவதற்குத் தாசேக் கெலுகோரில் மூடுபனி கிடையாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் அடைமழையும், 1997-லும் 2015-லும் கண்டதைப் போன்ற புகைமூட்டமுமே அதற்கு வேலை தருபவை. தாழ நின்று, அகலமாக, மேல்விளிம்பு கத்தியால் அறுத்தாற்போல் ஒளி பரப்புவதில்தான் அதன் சக்தி இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் அன்று. பிரான்ஸ் தேசத்தார் 1930-களின் இறுதி முதல் 1993 வரை மஞ்சள் விளக்கையே கட்டாயமாக வைத்திருந்தும், பனித்துளி ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரிதாகையால் எந்த நிறத்தையும் ஒரேவிதமாகவே சிதறடிக்கும்; நீலம் குறைவதால் கண்ணுக்குக் கிடைக்கும் இதமே மஞ்சளின் லாபம். இவ்விளக்குகளில் 35 வாட் எச்8, 55 வாட் எச்11, 19 வாட் எச்16 ஆகியவற்றின் அடிப்பாகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலிருப்பதால், காதைச் சீவி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் புகுத்துவோர் உண்டு. சிறிய பிளாஸ்டிக் கூடு அச்சூட்டைத் தாங்குவதில்லை. காது அவ்வாறு அமைந்ததே அந்தத் தவற்றைத் தடுப்பதற்காகத்தான்.

1991-ல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த செனான் விளக்கையும், 2007-ல் லெக்ஸஸ் வண்டியில் தாழ்ஒளிக்கு வந்த எல்.இ.டி.யையும் கண்டு மோகித்தவர்கள், ஹாலஜன் கூட்டிலேயே அவற்றின் மாற்றுப் பல்பை மாட்டத் தொடங்கியபோது, அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கு மறுபடியும் தவறிப்போயிற்று. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிட, தகடு காவல் காத்த இடம் திறந்துபோயிற்று. மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. அத்தகையவற்றுக்குச் சம்மன் வழங்கிவருகிறது. ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ரம் கம்பெனியின் எச்7 எல்.இ.டி. பல்புக்கு அனுமதி கிடைத்தபோதும், சோதித்துப் பட்டியலிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே அது செல்லும் என்று எல்லை கட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த ஆஸ்ரமின் எல்.இ.டி. தொழிற்சாலைகள் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசிலும், 2017 முதல் கெடாவின் கூலிமிலும் இருக்கின்றன. லூமிலெட்ஸ் கம்பெனியும் பாயான் லெப்பாசிலேயே உற்பத்தி செய்கிறது. தோட்டத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இத்தகைய தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். புதிய வண்டிகள் பலவற்றில் விளக்கோடு சேர்த்தே எல்.இ.டி. அடைபட்டு வருவதால், ஒன்று போனால் பல்பை அல்ல, விளக்கு முழுவதையுமே மாற்றவேண்டியிருக்கிறது. அதன் விலையைக் கேட்டவர்கள் தங்கள் பழைய கன்சிலை விற்க அவசரப்படுவதில்லை.