சுப்பிரமணியன், சுபேதார் (1912–1944)

இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் உயிர்நீத்த தமிழ்ப் படைவீரர். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர். ஊர், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கம். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிடும் பகுதி அது.

அவர் சேர்ந்திருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் தொடங்கப்பட்டு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியல் படை. இன்று மெட்ராஸ் பொறியாளர் குழுமம் எனப்படுகிறது. மற்றப் படைப்பிரிவினர் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, குடிநீருக்கு வழி செய்வது, கண்ணிவெடி எடுப்பது ஆகியவை இவர்கள் வேலை. துப்பாக்கியைவிட மண்வெட்டியும் கடப்பாரையும் கையில் இருக்கும் நேரமே அதிகம். உழவு வேலை பார்த்த இளைஞனுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது வெடியைப் பற்றித்தான்.

சுப்பிரமணியன் இருந்த 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி, 4ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. தளவாடங்களையும் பட்டறையையும் கவனிக்கும் கம்பெனி என்பதால், போர்முனைக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கும். 1944 பிப்ரவரியில் அந்த டிவிஷன் மோண்டே காசினோ மலையடியில் நின்றது. 15ஆம் தேதி மலையுச்சி மடாலயத்தின்மீது நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. தொடர்ந்த தாக்குதல் 18ஆம் தேதியோடு தோல்வியில் முடிந்தது. அடுத்த தாக்குதல் மழையால் தள்ளிப்போய் மார்ச் 15இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் காலாட்படைக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது, சாப்பர்களுக்குக் கிடைக்கவில்லை. காசினோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் கணவாயில் ஜெர்மானியர் பல வாரங்களுக்கு முன்பே பின்வாங்கியிருந்தாலும், அவர்கள் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகள் அப்படியே கிடந்தன.

பிப்ரவரி 24 அன்று அங்கே வழி திறக்கும் வேலை நடந்தது. வெடி கண்டறியும் கருவியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் சுப்பிரமணியன். சுபேதார் பதவியில் இருப்பவர் ஓரமாக நின்று ஆளை ஏவியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பின்னால் வந்த லான்ஸ் நாயக் ஒருவர், தப்பிய வெடி ஒன்றின்மீது கால் வைத்துவிட்டார். சுப்பிரமணியன் அந்த வெடியின்மேல் பாய்ந்து விழுந்தார். வெடிப்பின் முழு வேகத்தையும் தன் உடலில் வாங்கி உயிர்விட்டார். வயது முப்பத்தொன்று.

வெடிமேல் பாய்ந்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் செயலின் கனம் பிடிபடாது. அந்த வெடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ஜெர்மானியரின் எஸ்-மைன் சுமார் 13 செ.மீ. உயரமும் 4 கிலோ எடையும் கொண்ட எஃகு உருளை. மண்ணுக்கு மேலே மூன்று கம்பி முனைகள் மட்டும் தெரியும். புல் வளர்ந்துவிட்டால் அதுவும் தெரியாது. மிதித்தவுடன் அது வெடித்துவிடாது. ஏறக்குறைய 4 நொடி கழித்து, அடியில் உள்ள மருந்து உருளையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி எறியும். அங்கேதான் அது வெடிக்கும். சிவகாசி ‘டூ சவுண்ட்’ வெடியும் இப்படித்தான்: தரையில் ஒரு சத்தம், மேலே ஒரு சத்தம். எஸ்-மைனில் இரண்டாம் சத்தத்தோடு சுமார் 360 எஃகுக் குண்டுகள் நாலா பக்கமும் பறக்கும். நின்றிருப்பவர் தப்புவது அரிது. தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இது சாப்பருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். ஆகவே அந்த 4 நொடியில் அவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி தெரியும். கூட்டமாகப் பின்னால் வருபவர்களுக்கு அவகாசம் போதாது என்பதும் தெரியும். பதற்றத்தில் செய்த காரியமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது.

விருது 1944 ஜூனில் அறிவிக்கப்பட்டது. விக்டோரியா கிராஸ் ஏன் இல்லை என்று கேட்போர் உண்டு. எதிரிக்கு நேரெதிரே நின்று காட்டும் வீரத்துக்கு உரியது அது. 1940இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய ஜார்ஜ் கிராஸ், எதிரி கண்ணெதிரே இல்லாத இடத்தில் காட்டும் துணிவுக்கு உரியது. இரண்டும் ஒரே தகுதியில் வைக்கப்படுபவை.

அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். யாரும் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள் அல்லர். இறந்தவர்கள் சுமார் 87,000 பேர். இவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பதிவேட்டில் ஒரு வரி: பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள், பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும். தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்கள் 500க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இத்தாலியின் சாங்ரோ ஆற்றுக் கல்லறையில் உள்ள தகன நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

தென்மாவட்டத்துக்காரர் தம் ஊர்ப் பெயரைப் பதிவேட்டில் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல்தான். இருக்கன்குடி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து போனவர் யாராவது இருந்தால், அவரை ‘ராம்நாடு’ என்ற மாவட்டப் பெயரின்கீழ் தேட வேண்டும். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலையும் நம்பக் கூடாது; எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதாக இருக்கலாம். சுப்பிரமணியன் பெயரே இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது.