சட்டிச் சூடும் காற்றுச் சூடும்

தேயிலைக் கொழுந்தைச் சூடாக்க இரண்டு வழிகள் உண்டு. காய்ந்த இரும்பில் இலை நேராகப் பட்டு வதங்குவது ஒன்று. இது வெப்பக் கடத்தல். இலைகளின் ஊடே சூடான காற்று ஓடி ஈரத்தை வாங்கிச் செல்வது மற்றொன்று. இது வெப்பச் சலனம். முதலாவதைத் தேர்ந்த கலையாக வளர்த்தவர்கள் சீனர்கள். இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டின் அசாம், இலங்கைத் தோட்டங்களில் ஆலைத் தொழிலாக மாறியது.

சீனாவில் தாங் அரசர் காலத்தில் இலையை ஆவியில் அவித்து, இடித்து, வில்லைகளாக அழுத்தினார்கள். 1391இல் மிங் பேரரசர் ஹோங்வு, வில்லைத் தேயிலையைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்தி, உதிரி இலையையே கேட்டார். இரும்புச் சட்டியில் வறுக்கும் முறை இதன்பின் பரவலாயிற்று. பச்சைத் தேயிலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை அரிது. இலையைக் கறுக்கச் செய்யும் நொதிகளை உடனே அடக்க வேண்டும். சூடான இரும்பு பட்டதும் இலைக்குள் இருக்கும் நீரே ஆவியாகி அதை வேகவைத்துவிடும். ஆனால் அடியில் கிடப்பது கருகும், மேலே கிடப்பது பச்சையாகவே நிற்கும். அதனால் வறுப்பவர் வெறுங்கையால் ஓயாமல் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டியின் சூட்டை அளந்தது அந்த உள்ளங்கைதான்.

1830களில் அசாமுக்குக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர்களின் செய்முறையை சார்லஸ் அலெக்சாண்டர் புரூஸ் 1838இல் எழுதி வெளியிட்டார். அங்கே கறுப்புத் தேயிலைக்கும் முதலில் சட்டி, பிறகு கூடை. கூடை மூங்கிலால் ஆனது. இரு வாயும் அகன்று, இடை சிறுத்திருக்கும். நடுவில் சல்லடை, கீழே புகையடங்கிய கரி நெருப்பு. கிளற வேண்டுமானால் கூடையை இறக்கிவைத்துத்தான் கிளறுவார்கள். கொஞ்சம் தூள் நெருப்பில் விழுந்தாலும் அந்தப் புகை மொத்த இலையிலும் ஏறிவிடும். காற்றில் உலர்த்தும் கருத்து இந்த எளிய கூடைக்குள்ளேயே இருந்தது.

இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் கரியையே நம்பினார். பங்களாத் தாழ்வாரத்தில் இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பின் மேல் கம்பித் தட்டுகளில் காயவைத்தார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. மலைநாடு தேயிலைக்கு மாறியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பறித்துக் குவித்த கொழுந்துக்குக் கரி அடுப்பு எப்படிப் போதும்?

இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர், 1864இல் அயர்லாந்திலிருந்து இன்றைய அசாமின் கச்சாருக்கு வந்த சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். தம் உலர்த்திக்கு அவர் இட்ட பெயர் சிராக்கோ. சகாராவிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது. 1881இல் பெல்ஃபாஸ்டில் அதே பெயரில் ஆலை நிறுவினார். அடுப்பின் புகை தனிக் குழாயில் வெளியேறும். சூடான தூய காற்று மட்டும் அடுக்குத் தட்டுகளின் வழியே தானாக மேலேறும். புகையையும் சூட்டையும் பிரித்ததே இதன் பெருமை. நல்ல கரிக்கு அலைய வேண்டியதில்லை, கிடைத்த விறகே போதும். வில்லியம் ஜாக்சனும் உருட்டும் பொறிகளோடு காற்று உலர்த்திகளையும் வடிவமைத்தார்.

கறுப்புத் தேயிலையில் சட்டி மறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலை நொதிக்க வேண்டிய நேரத்தில் சட்டிச் சூடு நொதிகளைக் கொன்றுவிடும். வாட்டி, உருட்டி, நொதித்து முடிந்தபின் ஒரே மூச்சில் உலர்த்தினால் போதும். அப்போது இலையில் பாதிக்கு மேல் நீர். சுமார் 90 முதல் 100 பாகை செல்சியஸ் காற்றில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடி, 3 சதவீத ஈரத்தோடு வெளிவரும். காற்று மிஞ்சிச் சுட்டால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும். சூடு குறைந்தால் இலை அவிந்து மணம் போகும். பிற்காலப் பொறிகளில் காற்று கீழிருந்து இலையைத் தூக்கி மிதக்கவிட்டே உலர்த்துகிறது.

ஹாங்சோவில் லோங்ஜிங் தேயிலை செய்பவர்கள் இன்றும் கொழுந்தைச் சட்டியோடு கையால் அழுத்தித் தட்டையாக்குகிறார்கள்.