பச்சைக்கல் தேடிய பாதை

மாதேசுவர மலையை அடுத்த மார்டள்ளியில் தமிழ் பேசும் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இன்று அவ்வூர் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997க்கு முன் மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இன்னும் பின்னோக்கின், கொள்ளேகால் வட்டம் முழுவதும் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகும். ஆகவே, கோவை மண்ணின் பழங்கதை ஒன்று மார்டள்ளி மக்களுக்கும் உரியதே. அது பெரில் என்னும் நீலப்பச்சை மணியின் கதை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற யவன அறிஞர், புன்னாட்டில் பெரில் கிடைப்பதாக எழுதினார். கபினிக் கரையிலுள்ள கித்தூரைத் தலைநகராகக் கொண்ட புன்னாடே அது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவருக்கு முன்னரே உரோமாபுரியின் பிளினி, இக்கல் இந்தியாவிலன்றிப் பிற நாடுகளில் அரிது என்றும், இந்தியர் அதைத் துளையிட்டு யானை மயிரில் கோப்பர் என்றும் குறித்தார். படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி மணி செய்யும் வித்தையையும் அவர் சொல்லத் தவறவில்லை!

நன்கு அறியப்பட்ட பழஞ்சுரங்கம் காங்கேயத்தை அடுத்த படியூரில் உள்ளது. 1819, 1820 ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கு மீண்டும் கல்லெடுத்தார். பின்னர் அச்சுரங்கம் கைவிடப்பட்டது. ஆயினும் மழை ஓய்ந்தபின் உழுத காடுகளில் நடந்து கல் பொறுக்கும் வழக்கம் அவ்வட்டாரத்தில் மறையவில்லை. மழைநீர் மேல்மண்ணைக் கழுவிச் செல்லும்போது, கீழ்க்கிடந்த கற்கள் வெளிப்படுகின்றன. ஆறு பட்டை கொண்ட படிகமே பெரிலின் அடையாளம்.

சுரங்கத்தில் எடுத்த கல் மணியானது எங்ஙனம்? நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணல் இதற்கு விடையளிக்கிறது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், முடிந்த மணிகளோடு பாதி துளைத்தவையும், துளைக்கும்போது உடைந்தவையும், செதுக்கிய சில்லுகளும் கிடைத்தன. விற்ற மணி கடல் கடந்து போய்விட்டது. தொழிலாளியின் கைத்திறனுக்குச் சாட்சி கூறுவது, அவன் பயனற்றதென்று எறிந்த உடைந்த மணியே.

ஆதலின் ஒன்று சொல்ல விரும்புகிறேன். விடுமுறையில் ஊர் செல்லும் இளைஞர்கள் இத்தகைய இடங்களைக் கால்நடையாகச் சென்று காணட்டும். நீர் நிறைந்த பழங்குழிகளை எட்ட நின்று பார்க்கட்டும். பழைய குடியிருப்பு மேட்டில் மணியொன்று கண்ணிற்பட்டால், அதை எடுத்துப் பையில் இடுதல் வேண்டா. இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு அறிவிப்பதே முறை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் அருகில் கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலம் கணிக்கப்படுகிறது. இடம் பெயர்த்த மணியின் விலை சில ரூபாயாக இருக்கலாம். அது கிடந்த இடத்திலோ, நம் முன்னோர் வரலாற்றின் ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்கும் உரிமை நமக்குப்பின் வருவோர்க்கும் உண்டு.