ஒரு நாள் லீவு - அது வந்த கதை

ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் ஒரு வீட்டு வேலைப் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காலையில் கறிக்கடை வரிசை, பையனுக்கு முடிவெட்டு, வண்டிக்குப் பஞ்சர், வாரம் முழுக்கச் சேர்ந்த துணி, ரேஷன், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் காமாட்சியம்மன் கோயில். இதற்குப் பெயர் ஓய்வு நாள்! ஆனால் 150 வருடங்களுக்கு முன்னால் இப்படி அலுத்துக்கொள்ளக்கூட ஒரு நாள் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது.

நம் ஊரில் கிழமைகள் ஏழும் ரொம்பப் பழசு. ஆனால் "ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் லீவு" என்பது அப்படியல்ல. அந்தக் காலத்து லீவு நிலாவைப் பார்த்து வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடுமுறை. அதற்கு "வாவு" என்று தனிப் பெயரே உண்டு. நெசவாளர்கள் பலர் அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை. விவசாயத்தில் மழையும் அறுவடையும் எப்போது விட்டதோ அப்போது ஓய்வு. எண்ணெய்க் குளியலுக்கு மட்டும்தான் கிழமைக் கணக்கு: ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஞாயிறு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஞாயிறு வெள்ளைக்காரனோடு வந்தது, உண்மைதான். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-ல் அதை ஓய்வு நாளாக அறிவித்ததிலிருந்து அது கிறிஸ்தவ உலகத்தின் வழக்கம். ஆனால் கவர்னர் துரை சர்ச்சுக்குப் போனதால் மில் தொழிலாளிக்கு லீவு கிடைத்துவிடவில்லை. அதற்குத் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் முக்கியமாகக் குழந்தைகளைப் பற்றித்தான் பேசியது. 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மாதத்தில் நான்கு நாள் லீவு. பெரியவர்களுக்கு வேலை நேர வரம்பும் லீவும் இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884 முதல் மில் தொழிலாளிகளைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். 1890-ல் மில் முதலாளிகள் ஞாயிறு லீவுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடமே, 1891-ல், சட்டம் திருத்தப்பட்டு எல்லாத் தொழிலாளிக்கும் வாரம் ஒரு நாள் லீவு, மதியம் அரை மணி இடைவேளை என்று ஆனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியத் தொழிலாளிக்குச் சட்டம் வேண்டும் என்று உரக்கக் கத்தியவர்களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்காரர்களும் இருந்தார்கள். பம்பாய் மில்கள் நேரக் கணக்கில்லாமல் ஓடினால் அவர்கள் துணி எப்படி விற்கும்? கருணை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னையில் கதை கொஞ்சம் வேறு. பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்காம், கர்னாடிக் மில்களில் ஞாயிறு சட்டப்படி வந்துவிட்டது. ஆனால் மற்ற நாட்களில் கிட்டத்தட்ட 12 மணி நேரம் மில்லில்தான். அந்த அரை மணி இடைவேளையில் ஆயிரக்கணக்கான பேர் கை கழுவி, சாப்பிட்டு, திரும்பி ஓடிவர வேண்டும். இந்தக் குறைதான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக வெடித்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அடித்தளம் போட்டவர்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது ஒரு சாப்பாட்டு இடைவேளையிலிருந்து பிறந்தது! அதற்குப் பிறகு வார வேலை நேரம் 1922-ல் 60 மணி, 1934-ல் 54, 1946-ல் 48 என்று இறங்கியது. 1948 தொழிற்சாலைச் சட்டம் அந்த 48 மணியையும், வாரத்தின் முதல் நாளான ஞாயிறு விடுமுறையையும் உறுதி செய்தது.

கடைகளுக்கு 1942-ல் தனிச் சட்டம் வந்தது. எந்தக் கிழமை மூடுவோம் என்று கடைக்காரர் போர்டு மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அதை மாற்றக் கூடாது. 1947-ல் சென்னை மாகாணத்தின் கடைகள் சட்டமும் வாரத்தில் ஒரு முழு நாள் மூடு என்றது. சலூன்கள் செவ்வாயைப் பிடித்துக்கொண்டன. அன்று முடிவெட்ட யாரும் வருவதில்லை, ஞாயிறோ அவர்களுக்கு உச்ச வியாபாரம்.

இந்தச் சட்டங்கள் காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்கியதைச் சென்னையின் மேற்குப் பக்கத்தில் நன்றாகவே பார்க்கலாம். அம்பத்தூரில் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ், ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்களில் சங்குச் சத்தம் கேட்டது. சங்கு ஊதாத நாள் என்று ஒன்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. கல்யாணப் பேச்சு, சொந்தக்காரர் வருகை, சீட்டுப் பணம் எல்லாம் ஞாயிறைச் சுற்றி அமைந்தன. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு ஞாயிறு மாலைப் படம்; 1987-ல் காலை ராமாயணம். ரேஷன் கடையும் இதற்கு வளைந்துகொடுத்தது: மாதத்தின் முதல் இரண்டு வாரம் வெள்ளி லீவு, ஞாயிறு திறப்பு. வங்கிதான் வளையவில்லை. ஷிப்டுக்குப் போகிறவர் பாஸ்புக் பதிய அரை நாள் சம்பளத்தை விட வேண்டியதுதான்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் எந்தச் சட்டமும் லீவு எழுதவில்லை. எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில் அடுப்பு கூடுதலாகத்தான் எரியும்.

சரி, ஏதோ ஒரு நாள் லீவு கிடைத்தால் போதாதா, எந்தக் கிழமையாக இருந்தால் என்ன? இதை இரண்டு நாடுகள் செய்து பார்த்தன. சோவியத் ரஷ்யா 1929-ல் மெஷின் நிற்கவே கூடாது என்று ஐந்து நாள் வாரம் கொண்டுவந்தது. தொழிலாளிகளை ஐந்து குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு நாள் லீவு. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், பிள்ளைக்கு இன்னொன்று. லீவு முன்பைவிட அடிக்கடி வந்தது. வீட்டில்தான் யாரும் இல்லை. ஒருவழியாக 1940-ல் பழையபடி ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். இலங்கை 1966-ல் ஞாயிறை விட்டுவிட்டு நிலாவின் பிறைகளுக்கேற்ற போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. வாரத்தின் நீளமே கூடிக் குறைந்தது. வெளிநாட்டு வியாபாரம் தடுமாறியது. 1971-ல் ஞாயிறு திரும்பி வந்தது.

தமிழ்நாட்டிலும் 2012 மின்தட்டுப்பாட்டின்போது தொழிற்சாலைகளுக்குப் பகுதிவாரியாக வேறு வேறு நாள் மின் விடுமுறை விட்டார்கள். கரண்ட் இல்லாத நாளே லீவு நாள் என்று ஆன இடங்களில் ஞாயிறு வேலை நாளாகிவிட்டது.

மாங்காட்டில் இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் தொடர்ந்து ஆறு வாரம், முதலில் வந்த அதே கிழமையில், எலுமிச்சம்பழத்தோடு வர வேண்டும் என்பது வழக்கம். அம்மன் பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக்காலில் தவமிருந்த தலம் என்பது ஐதீகம். ஆறு வாரமும் ஒரே கிழமை கையில் இருப்பவரால் இதைச் சுலபமாக முடித்துவிட முடியும். சுழற்சி முறையில் லீவு வாங்குகிறவருக்கு?

அப்படிப்பட்டவர்கள் கூடிக்கொண்டேதான் வருகிறார்கள். 2019-ல் தமிழக அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளை வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதி கொடுத்தது. 2023 ஏப்ரல் 21-ல் நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. நான்கு நாளில் 48 மணியை முடித்தால் மூன்று நாள் லீவு என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. 1948 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த மத்தியத் தொகுப்புச் சட்டம், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்கிறது. அந்த ஏழாவது நாள் எந்தக் கிழமை என்பது கம்பெனியின் டியூட்டி சார்ட்டுக்கு விட்ட விஷயம்.

2019 அரசாணையில் ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொருவருக்கும் சுழற்சியில் வாரம் ஒரு நாள் லீவு தர வேண்டும், அன்றன்றைக்கு யாருக்கு லீவு என்ற விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி கடையில் தொங்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர் மாங்காட்டுக்கு வேண்டிக்கொண்டால், ஆறு வாரமும் தன் பெயர் அதே கிழமையில் அந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.