கழு, குருசு, சிலுவை

தமிழில் வழங்கும் 'சிலுவை' என்னும் சொல், 'சுவை', 'பறவை' போன்ற ஐகார ஈற்றுச் சொற்களின் வரிசையில் உறுத்தலின்றி நிற்பதால் அதன் அயற்பிறப்பு எளிதில் புலப்படுவதில்லை. அதன் மூலம் சிரிய மொழியின் 'ஸ்லீபா' என்பதாகும். சிரியம் என்பது அரமேய மொழியின் ஒரு கிளை. இயேசு பேசிய மொழிக்கு நெருங்கிய உறவுடையது. கேரளத்துத் தோமா கிறித்தவர்களின் வழிபாட்டு மொழியாகப் பல நூற்றாண்டுகள் இருந்தது. கிழக்குச் சிரிய ஒலிப்பில் இச்சொல் 'ஸ்லீவா' ஆயிற்று. மலையாளம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் சேர்ந்து வாரா என்பதால் இடையே ஓர் உயிர் புகுந்தது. 'சபா' சபையாகவும், 'கதா' கதையாகவும் மாறியது போலவே ஈற்று ஆகாரம் ஐகாரமாயிற்று. அரபு மொழியின் 'சலீப்' என்பதும் இதே வேரினின்று வந்த உடன்பிறப்பே.

இச்சொல் குறிக்கும் பொருளோ ஒரு கொலைக்கருவி. பண்டைய உரோமில் அது பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனையாக இருந்தது. உரோமக் குடிமகன் பொதுவாக அதற்கு ஆளாவதில்லை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, பிடிபட்ட ஏறத்தாழ 6000 பேர் கப்புவாவிலிருந்து உரோம் வரை அப்பியன் சாலையின் ஓரத்தில் தொங்கவிடப்பட்டனர் என்பது இத்தண்டனையின் நோக்கத்தைக் காட்டும்: கொல்வதைக் காட்டிலும், கொல்லப்படுபவனை ஊரார் பார்க்க இழிவுபடுத்துவதே அதில் முதன்மையானது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள கிறிஸ்துவைப் பற்றிய பகுதி, பவுலுக்கும் முந்திய ஒரு வழிபாட்டுப் பாடல் என்று பலர் கருதுவர். இந்த இழிவின் பின்னணியிலேயே அதைப் படிக்க வேண்டும். கடவுள் வடிவில் இருந்தவர் அந்த நிலையைப் பற்றிக்கொண்டிராமல் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் வடிவை ஏற்று, அடிமைக்குரிய சாவு வரை தாழ்ந்தார். அதனாலேயே கடவுள் அவரை எல்லாவற்றுக்கும் மேலாக உயர்த்தினார் என்பது அதன் சாரம். 'வெறுமையாக்குதல்' என்பதற்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்தே 'கெனோசிஸ்' என்னும் இறையியல் கலைச்சொல் பிறந்தது. தாழ்வு, பலி, உயர்வு என்னும் மூன்று படிகளும் கூடும் முனை சிலுவையே ஆகையால், அதற்குத் தமிழில் எந்தச் சொல் அமைந்தது என்பது அகராதிக்குள் அடங்கிவிடும் செய்தியன்று.

தமிழில் இதற்கு ஒரு நாட்டுச் சொல் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. நற்செய்தி நூல்கள் ஆளும் 'ஸ்தௌரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் நட்டுவைத்த கம்பம் என்பதுதான். குறுக்குச் சட்டம் அதனுள் பின்னர் வந்து சேர்ந்த பொருள். நட்ட கம்பத்தில் உயிருடன் ஏற்றிக் கொல்வதற்குத் தமிழில் 'கழுவேற்றுதல்' என்றும், அந்தக் கம்பத்துக்குக் 'கழு', 'கழுமரம்' என்றும் பெயர் உண்டு. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகக் கூறும் சைவ மரபு அச்சொல்லைத் தமிழர் நினைவில் ஆழப் பதித்திருந்தது. இருந்தும் இயேசு கழுவேற்றப்பட்டார் என்னும் வழக்கு தமிழில் நிலைபெறவில்லை. கழு உடலைத் துளைப்பது, சிலுவை உடலைத் தொங்கவிடுவது என்னும் கருவி வேறுபாடு ஒரு காரணம் ஆகலாம். ஆனால் அதைவிட வலுவான காரணம், கழு என்னும் சொல் ஏற்கெனவே வேறு கதைகளால் நிரம்பியிருந்ததே.

அந்தக் கதைகளுள் முதன்மையானது காத்தவராயன் கதை. தமிழகத்தின் நடுப்பகுதிகளிலும் யாழ்ப்பாணத்துக் கூத்து மரபிலும் வழங்கும் இக்கதையில், ஆரியமாலை என்னும் அந்தணப் பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காகக் காத்தவராயன் கழுவேறுகிறான், பின்னர்த் தெய்வமாகிறான். காத்தவராயன் கோயில் விழாக்களில் கழுமரம் நடுவதும் ஏறுவதும் சடங்காகவே நிகழ்கின்றன. இழிவான சாவை அடைந்தவன் வழிபாட்டுக்கு உரியவனாக உயர்கிறான் என்ற அளவில் இது கிறித்தவ நம்பிக்கைக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. காத்தவராயனும் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்தவன் என்று கதை சொல்வதால் அந்த நெருக்கம் இன்னும் கூடுகிறது. எனினும் இறங்கியதன் காரணம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. காத்தவராயனை இறக்கியது சாபம். கழுவில் அவன் தீர்ப்பது தன் கணக்கை. பவுலோ, மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்னும் யூத மறைநூலின் கூற்றை எடுத்துக்கொண்டு, கிறிஸ்து பிறருக்காக அந்தச் சாபமாகவே ஆனார் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். சாபம் இரு பக்கமும் உண்டு. அது யாருடையது என்பதே வேறு.

கடவுளின் தாழ்மை தமிழுக்குப் புதிய செய்தி என்று சில மறைபரப்பு நூல்கள் எழுதியது பொருந்தாது. வந்திக் கிழவியின் பிட்டுக்காக மண் சுமந்து பாண்டியனின் பிரம்படி பட்ட சொக்கநாதரும், சுந்தரருக்காக நள்ளிரவில் பரவையார் வீட்டுக்குத் தூது நடந்த தியாகேசரும் மதுரைக்கும் ஆரூருக்கும் அன்றாடக் கதைகள். 'அடிமை' என்னும் சொல்லும் பத்தி இலக்கியத்தில் இழிவிலிருந்து மீண்டு பெருமைச் சொல்லாகிவிட்டது. ஆனால் பிட்டுக்கு மண் சுமந்தது திருவிளையாடல். அடி ஆண்டவன் மேல் விழுந்தாலும் வலி உலகத்தார் எல்லாருடைய முதுகிலும் உறைத்தது, அவர் மறைந்துவிட்டார். விளையாட்டில் சாவுக்கு இடமில்லை. சிலுவையில் மறைந்துவிடும் வழி இருந்தும் அது மறுக்கப்பட்டது என்பதே கிறித்தவர் அழுத்திச் சொல்வது.

இவ்வொப்பீட்டுக்கு மிகப் பழைய சான்று ஒன்றைச் சிவகங்கைச் சீமையின் ஒக்கூர் தருகிறது. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் இவ்வூரினர் என்பது மரபு. அவர் பாடிய புறநானூற்று 279ஆம் பாட்டில், முன்பு ஒரு போரில் தந்தையையும் அடுத்த போரில் கணவனையும் இழந்த மறக்குடிப் பெண், போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். ஒரே மகனைக் கொடுத்தல் என்பது யோவான் நற்செய்தியின் நடுநாயகமான கருத்தும் ஆதலால், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் ஆசை எவருக்கும் எழும். அது அளவுக்கு மீறிய ஒப்புமை. ஒக்கூர்த் தாயின் மகன் கையில் வேலோடு போகிறான். வீழ்ந்தால் அவனுக்கு நடுகல் உண்டு. நடுகல் அவன் மறத்துக்குக் கிடைக்கும் உயர்வு. கிறிஸ்துவின் உயர்வு மறத்துக்குக் கிடைத்த பரிசன்று, பணிவுக்குக் கிடைத்தது. ஆனால் பொருதவனுக்குக் கல் நட்டு வணங்கிய நிலத்தில், இறந்தவர் ஒருவரின் நினைவாக நடப்பட்ட மரத்தை வணங்குவது அயலாகத் தோன்றியிராது என்று கொள்ள இடமுண்டு.

சிரியச் சொல் வந்த வழி மேற்குக் கடற்கரை. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில், பாரசீக, அரபு, யூத வணிகர்கள் தத்தம் எழுத்துகளில் சான்றுக் கையொப்பம் இட்டுள்ளனர். வட்டெழுத்தில் அமைந்த அதன் மொழி, தமிழும் மலையாளமும் பிரியாத காலத்தது. 'தரிசா' என்பதே கிறித்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் திரிபு. கிழக்குக் கடற்கரையில், சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது, பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. கோட்டயம் வலியபள்ளியிலும் இதே வகைச் சிலுவைகள் உள்ளன. அவற்றின் அமைப்பே ஒரு விளக்கவுரை: சிலுவையில் உடல் இல்லை, கைகளின் முனைகள் மொட்டாக விரிகின்றன, அடியில் இலைக்கொடிகள் மேல்நோக்கி வளைகின்றன, மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. கொலைமரம் இங்கே தளிர்த்த மரமாகியிருக்கிறது. 'ஸ்லீவா' என்று அம்மக்கள் சொன்னது பாடுகளைக் கடந்து நின்ற வெற்றிச் சின்னத்தை.

போர்த்துக்கீசியர் வேறொரு சிலுவையையும் அதற்குரிய வேறொரு சொல்லையும் கொணர்ந்தனர். அவர்களின் 'குரூஸ்' தமிழில் 'குருசு' ஆயிற்று. சாவி, சன்னல், மேசை ஆகியவற்றோடு அதே கப்பலில் வந்த சொல் அது எனலாம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுவில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றபின், கடற்கரையெங்கும் சாலையோரங்களில் எழுந்த சிறு வழிபாட்டிடங்கள் 'குருசடி' எனப்பட்டன. 'குரூஸ்' என்பது ஆட்பெயராகவும் ஆயிற்று. தூத்துக்குடிக்குத் தண்ணீர் கொண்டுவந்த நகரத் தலைவராக இன்றும் போற்றப்படும் குரூஸ் பர்னாந்தின் பெயர் அதற்குச் சான்று. ஆனால் போர்த்துக்கீசியர் வணங்கிய சிலுவையில், அறையுண்ட உடலும் முள்முடியும் விலாக் காயமும் இருந்தன. இந்த வேறுபாட்டைத் தமிழ்க் கத்தோலிக்கர் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு, உடலோடு கூடிய சிலுவைக்கு அவர்கள் ஆக்கிய 'பாடுபட்ட சுரூபம்' என்னும் தனிப்பெயரே போதும். 'பாடு' துன்பத்தையும் உழைப்பையும் ஒருங்கே குறிக்கும் சொல். வயலில் பாடுபட்டவர்களுக்கு அந்த உருவம் யாரைப்போல் தெரிந்திருக்கும் என்பதை எந்த இறையியல் நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஆக, உயர்வைக் காட்டிய வெற்றுச் சிலுவைக்குச் சிரியப் பெயரும், தாழ்வையும் பலியையும் காட்டிய உருவச் சிலுவைக்குப் போர்த்துக்கீசிய வழிவந்த மரபும் தமிழில் வந்து சேர்ந்தன. இறுதியில் வேண்டுதலிலும் மறைநூல் மொழிபெயர்ப்பிலும் வென்றது 'சிலுவை'. குருசு, குருசடியிலும் ஆட்பெயரிலும் ஒதுங்கிக்கொண்டது. வென்ற சொல் தோற்ற சொல்லின் பொருளையும் வாங்கிக்கொண்டது: பெரிய வெள்ளியன்று முத்தி செய்யப்படுவதும் சிலுவை, செப்டம்பர் 14இல் மகிமை விழாக் கொண்டாடப்படுவதும் சிலுவை. அந்த விழா, எருசலேமில் 335இல் கல்லறைக் கோயில் நேர்ந்தளிக்கப்பட்டதோடு தொடர்புடையது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில், 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலில் அது இன்றும் பெருவிழா.

மறவர் சீமையில் இச்சொல் குருதியோடு கலந்தது. லிஸ்பனில் 1647இல் பிறந்து, அருளானந்தர் என்னும் பெயரோடு துறவுக் கோலத்தில் உழைத்த சேசு சபைத் துறவி ஜான் தெ பிரிட்டோ, 1686இல் தம் உபதேசியாரோடு பிடிக்கப்பட்டுக் காளையார்கோயிலிலும், ஒக்கூருக்கு அதிகத் தொலைவில்லாத பாகனேரியிலும் வதைக்கப்பட்டார். பின்னர் இராமநாதபுரத்தில் சேதுபதியால் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்று திரும்பிவந்த அவரால் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அரச குடும்பத்துக்கு நேர்ந்த இந்த அவமதிப்பின் பின்னணியில், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோ தலை வெட்டப்பட்டார். கையும் காலும் துணிக்கப்பட்ட உடல், பார்ப்போர் அஞ்சும்படி ஒரு கம்பத்தில் கட்டப்பட்டது. அப்பியன் சாலையின் தருக்கமும் ஓரியூர்க் கம்பத்தின் தருக்கமும் ஒன்றே. ஆனால் இங்கே விளைவு அரசர் எண்ணியபடி அமையவில்லை: ஓரியூரின் செம்மண்ணை மக்கள் பொட்டலம் கட்டி எடுத்துச் சென்றனர், 1947இல் பிரிட்டோ புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மீட்பு என்னும் இணைச்சொல்லையும் இங்கே தொட்டுச் செல்லலாம். சீர்திருத்தச் சபையினர் 'இரட்சிப்பு' என்பதையே பெரிதும் ஆள, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'மீட்பு' என்பதற்கு இடம் தந்தது. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் ஈட்டுத்தொகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இதற்கு அடிப்படை. நகரத்தாரின் வட்டிக்கடைச் சீமையில், அடகு வைத்ததை மீட்பது என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் யாரிடமிருந்து மீட்கப்பட்டது, விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கணக்குக் கேட்டால் உவமை அங்கேயே நின்றுவிடும். திருச்சபைத் தந்தையரே இதில் ஒருமித்த விடை காணவில்லை.

சிலுவை இன்று கோயிலுக்கு வெளியேயும் வாழும் சொல். செஞ்சிலுவைச் சங்கமும் சிலுவைப் போரும் வரலாற்று நூல்கள் தந்தவை. 'சிலுவை சுமத்தல்' கிறித்தவரல்லாதாரும் ஆளும் மரபுத்தொடர். ஆட்பெயர்களில்தான் இதன் வரலாறு மிகச் செறிவாகக் கிடக்கிறது. மதுரை வட்டாரத்தில் கழுவன், கழுவத்தேவர் என்னும் பெயர்களும், தென்மாவட்டக் கத்தோலிக்கரிடையே சிலுவை, சிலுவைமுத்து என்னும் பெயர்களும் வழங்குகின்றன. இரண்டும் கொலைமரத்தின் பெயரைப் பிள்ளைக்கு இடும் ஒரே மனப்பாங்கின் விளைவு. கழுவன் என்பது மரத்தில் ஏறியவனைத் தெய்வமாக்கி அவனிடம் காவல் கேட்கும் பெயர், சிலுவை என்பது ஏறியவரின் பெயரைச் சொல்லாமல் மரத்தையே பிள்ளையின் பெயராக்கியது.