பட்டாவும் காது வில்லையும்

நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துல மானியம்னு பேச்சு வந்தாலே, "அவளுக்கு வந்துச்சு, எனக்கு ஏன் வரல" என்பதிலேயே பாதிப் பொழுது போயிடும். பணத்தை யார் பேரில் கொடுப்பது, அது சரியான ஆளுக்குப் போனதா என்று யார் பார்ப்பது, இந்த ரெண்டு கேள்வியும் பழசு. மலருக்காக அதைத்தான் எழுதச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே தக்காவிக் கடன் உண்டு. கிணறு வெட்டி நிலத்தைத் திருத்த 1883இல் ஒரு சட்டம், விதையும் உழவு மாடும் வாங்க 1884இல் இன்னொன்று. பணம் வருவாய்த்துறை வழியாக வரும். கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கி மாதிரியே வசூல் செய்வார்கள். அது மானியம் இல்லை, கடன்தான். ஆனால் பட்டா யார் பேரிலோ அவர்தான் விவசாயி என்ற வழக்கம் அப்போதே ஊன்றிப்போச்சு. நாத்து நட்டவளும் களை எடுத்தவளும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மாட்டுக்கு மானியம் என்று ஊர் ஊராக வந்தது ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில்தான். 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களிலும் நடந்தது. வங்கிக் கடனில் சிறு விவசாயிக்கு 25 சதவீதம், குறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் மூன்றில் ஒரு பங்கு மானியம். மாட்டின் காதில் வில்லை குத்துவார்கள். செத்துப்போனால் காப்பீடு கேட்க அந்த வில்லை வேணும். அப்படியிருந்தும் ஒரே மாட்டை ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டிவந்து காட்டினார்கள் என்று எங்க மாமியார் சிரிச்சுக்கிட்டே சொல்வார். வாங்காத மாட்டுக்கு மானியம் போன புகார் நாடு முழுக்க இருந்தது. காதைப் பார்த்தவர்கள் தொழுவத்தைப் பார்க்கவில்லை!

1999 ஏப்ரலில் அந்தத் திட்டம் போய், சுயவேலைவாய்ப்புத் திட்டம் குழுக்களை முன்னால் வைத்தது. நம்ம மாநிலத்தில் 1989இலேயே தர்மபுரியில் குழுக்கள் தொடங்கி, 1997இல் மகளிர் திட்டமாக விரிந்திருந்தது. மதுரைப் பக்கம் களஞ்சியம் அக்காமாரும் அதற்குள் வேரூன்றிவிட்டார்கள். புதுத் திட்டத்தில் மானியம் முன்னால் கைக்கு வராது, கடன் கட்டி முடியும்போது கடைசியில் கழியும். ஒருத்தி மாடு வாங்காமல் வாங்கியதாகச் சொன்னால் மற்றவர்கள் விடுவார்களா? கடன் எல்லார் தலையிலும் இருக்கே.

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். ஐந்து ஆண்டில் 7 லட்சம் குடும்பங்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு, 60,000 பேருக்குக் கறவை மாடு என்பது இலக்கு. பயனாளி பெண்தான். பட்டா கேட்கவில்லை, நிலம் இல்லாதவளுக்குத்தான் ஆடே. பெயர்ப் பட்டியல் கிராம சபைக்கு வந்தது. "அந்த வீட்ல ஏற்கனவே ஆடு நிக்குதே" என்று எங்க ஊரில் எழுந்து சொன்னது ஒரு கிழவி, அதிகாரி இல்லை. சந்தைக்கும் நாங்களே போனோம். திருமங்கலம் சந்தையில் பல்லைப் பிடிச்சுப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து வாங்கினோம். கூட்டம் சேர்ந்ததும் வியாபாரிகள் விலையை ஏத்தினார்கள், அது வேற கதை. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடு அவள் பெயரில் இருந்தது, ஊர் பார்த்துக்கிட்டே இருந்தது.

2019 பிப்ரவரி 24இல் வந்த பி.எம். கிசான் திட்டம் மறுபடியும் பட்டாவுக்குப் போனது. வருஷம் 6,000 ரூபாய், மூணு தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. இடையில் கை வைக்க ஆள் இல்லை என்பது பெரிய நன்மைதான். ஆனால் கிராம சபையில் பெயரைப் படிக்கும் வழக்கமும் அதில் இல்லை. 2020இல் கொரோனா நேரம், அலுவலகக் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போய், நிலமே இல்லாதவர்களைக் கணினியில் விவசாயி ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசே அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள், கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஏமாந்து ஆதார் நகல் கொடுத்த ஏழைப் பெண்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களைத் திருடி என்று பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாட்டில் நிலத்தைத் தன் பேரில் வைத்து நடத்துபவர்களில் பெண்கள் 100க்குச் சுமார் 14 பேர்தான் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டும் இந்த நிலை.

2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க முகாம் போட்டார்கள். ஆதார், கைப்பேசி, பட்டா மூணும் கேட்டார்கள். எங்க ஊரில் வரிசையில் நின்ற பெண்களில் பலருக்குப் பட்டா இன்னும் செத்துப்போன மாமனார் பேரில்தான் கிடந்தது. இறந்தவர் வாரிசுக்குப் பெயர் மாறினால் பி.எம். கிசானில் இடம் உண்டு. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு மாறியிருந்தாலும் அது செல்லும். அன்றைக்குத் திரும்பி வந்தவர்களில் நாலு பேருக்கு நாங்க வாரிசுச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்தோம்.